விரல், எண், அளவு: பனியன் கம்பெனித் தளத்தில் புழங்கும் சொற்கள்

பனியன் கம்பெனிக்குள் புதிதாக வருகிறவர் மிஷின் பெயர்களைப் பார்த்துத்தான் மிரளுவார். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், காஜா என்று நாலு நாள் காதில் விழுந்தால் அவை தானாகப் படிந்துவிடும். எண்கள் அப்படிப் படிவதில்லை. முப்பதாம் நம்பர் நூல், இருபத்துநாலு கேஜ், நூற்றறுபது ஜி.எஸ்.எம்., தொண்ணூறு சைஸ், ஏழரை டஜன், ஒன்றரை ஷிப்ட், கால் இன்ச். காலை எட்டரைக்கு வேலை தொடங்கி, டீ வருவதற்குள் இத்தனையும் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போயாக வேண்டும். அதுவும் மிஷின் சத்தத்துக்கு நடுவில். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும், மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்களும், அவிநாசி, பல்லடத்துக்காரர்களும் ஒரே லைனில் உட்கார்ந்திருக்கும் திருப்பூரில்.

கூட்டல் கழித்தலில் இங்கே தப்பு வருவது குறைவு. கால்குலேட்டர் எல்லார் ஃபோனிலும் இருக்கிறது. தப்பு வருவது எண்ணைச் சொல்லும்போதும் கேட்கும்போதும்தான். அதனால் இந்த அத்தியாயத்தைக் கணக்குப் பாடமாக எழுதவில்லை. லைன் சூப்பர்வைசர், டைம் கீப்பர், செக்கிங் மேஜைக்காரர், கட்டிங் மாஸ்டரின் உதவியாள் ஆகியோர் எந்த எண்ணை எப்படிச் சொல்ல வேண்டும், எந்தச் சொல் இரண்டு பொருள் தரும், எந்த விரலை என்ன பெயரிட்டு எழுத வேண்டும் என்பதுதான் இதில் இருக்கிறது.

கையிலேயே ஒரு டஜன்

செக்கிங் மேஜையில் பழகிய அக்காக்கள் பீஸ் எண்ணுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வலது கை பீஸைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இடது கைக் கட்டைவிரல் மட்டும் மற்ற நான்கு விரல்களின் மேல் நகர்ந்துகொண்டிருக்கும். சுண்டுவிரலின் அடிக்கண்டத்தில் தொட்டால் ஒன்று, நடுக்கண்டம் இரண்டு, நுனிக்கண்டம் மூன்று. பிறகு மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். ஒரு விரலுக்கு மூன்று கண்டம், நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் நுனிக்கு வந்து சேரும்போது ஒரு டஜன் முடிந்திருக்கும். வாய் திறக்க வேண்டியதில்லை, கோடு போட வேண்டியதில்லை, பக்கத்து மிஷின்காரர் ஏதாவது கேட்டால் பதில் சொல்லிவிட்டும் தொடரலாம். கட்டைவிரல் நிற்கிற இடம் எண்ணை விட்டுவிடாமல் பிடித்துவைத்திருக்கும்.

பனியன் தொழிலில் உள்நாட்டு வியாபாரம் டஜனில் நடக்கிறது. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் வாங்குகிறவரும் டஜன் விலைதான் கேட்பார். பட்டன் வாங்கினால் குரோஸ், அதாவது பன்னிரண்டு டஜன், 144. ஆகவே இந்த விரல் கணக்கு இந்த ஊர் வேலைக்கென்றே அமைந்ததுபோல் பொருந்துகிறது. ஒரு கையில் டஜன் முடிந்ததும் மற்றக் கையில் ஒரு விரலை மடக்கினால், ஐந்து விரலும் மடங்கும்போது அறுபது பீஸ். மற்றக் கையிலும் கண்டம் கண்டமாக நகர்த்தினால், அதுவும் முடியும்போது சரியாக ஒரு குரோஸ். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு இதை முதல் வாரமே சொல்லிக்கொடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வீட்டில் பாட்டி எண்ணிப் பார்த்த பழக்கம் இருக்கும். அதை பீஸோடு பொருத்திக் காட்டினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. சிலர் விரல் நுனியையும் தனியாகச் சேர்த்து ஒரு விரலுக்கு நான்கு எண்ணுவார்கள். அப்போது நான்கு விரலுக்குப் பதினாறு ஆகிவிடும். இரண்டு பேர் ஒரே மேஜையில் எண்ணினால் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்: “அக்கா, விரலுக்கு மூணுங்களா, நாலுங்களா?” இதே போல, கட்டிங்கிலிருந்து வரும் கட்டில் பத்து பிட்டா, பன்னிரண்டா, இருபதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்லேட்டிலோ நோட்டிலோ நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடுகிற பழக்கம் கட்டுகளை எண்ண நல்லது. ஆனால் அந்தக் கோடுகள் கட்டையா குறிக்கின்றன, டஜனையா என்பதைத் தலைப்பில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். ஐந்து ஐந்தாக எண்ணும் கோடும் பன்னிரண்டாக எண்ணும் விரலும் ஒரே பக்கத்தில் கலந்தால், சனிக்கிழமை சம்பளத்தில் பீஸ் ரேட்காரருக்குத்தான் குறையும்.

தொண்ணூறும் நூறும்

உள்நாட்டுப் பனியன், ஜட்டி சைஸ்கள் 75, 80, 85, 90, 95, 100 என்று போகும். இவை போட்டுக்கொள்கிறவரின் உடம்பு அளவு, சென்டிமீட்டரில். பனியனை மேஜையில் விரித்து அளந்தால் அந்த எண் வராது, துணி இழுபடுவதால் உடை சிறியதாகவே தைக்கப்படும். இது ஒரு வாரத்தில் புரிந்துவிடும். புரிந்த பிறகும் தொடர்கிற சிக்கல் வேறு.

தமிழில் எழுபது, எண்பது வரை எண்கள் ‘பது’வில் முடிகின்றன. அடுத்தது மட்டும் தொண்ணூறு. நூறின் ஓசையோடு முடிகிறது. ஒன்பது பத்தை ஒட்டியும், தொண்ணூறு நூற்றை ஒட்டியும், தொள்ளாயிரம் ஆயிரத்தை ஒட்டியும் நிற்பது தமிழ் எண்ணுப் பெயர்களின் பழைய அமைப்பு. தமிழ் தாய்மொழியாக இருப்பவருக்கு இதில் தடுமாற்றமே வராது, அதனாலேயே சூப்பர்வைசர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆறு மாதமாகத் தமிழ் பழகிவரும் பையனுக்கு “தொண்ணூறு சைஸ் எடு” என்பதில் தெளிவாகக் கேட்பது கடைசி ‘நூறு’ மட்டும். 90 போக வேண்டிய பெட்டியில் 100 போகும். பேக்கிங் முடிந்து லேபிள் ஒட்டிய பிறகு அதைக் கண்டுபிடித்தால் அத்தனை பெட்டியையும் பிரிக்க வேண்டும்.

தீர்வு எளிது. 90 என்ற சைஸை மட்டும் “ஒன்பது சைபர்” என்று சொல்லுங்கள், 100 என்பதை “ஒண்ணு சைபர் சைபர்”. ஆங்கில எண் சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி, தேர்ட்டீன், தேர்ட்டி என்று வேறொரு குழப்பம் காத்திருக்கிறது. மிஷின் சத்தத்தில் கடைசி எழுத்து காதில் விழாது. இலக்கம் இலக்கமாகச் சொல்வதுதான் எல்லா மொழிக்காரருக்கும் பிடிபடும். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதையும் பழக்கமாக்குங்கள்.

நீங்களும் அவர்கள் எண்ணில் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தியில் நான்கு என்பது ‘சார்’. லைனில் யாராவது “சார், சார்” என்றால் கூப்பிடுகிறாரா, நாலு பீஸ் என்கிறாரா என்று கை விரலைப் பாருங்கள். ஏழுக்கு ‘சாத்’, அறுபதுக்கு ‘சாட்’. நம் காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் விழும். பின்னச் சொற்கள் இன்னும் முக்கியம். டேட் என்றால் ஒன்றரை. டாய் என்றால் இரண்டரை. மூன்றரையிலிருந்து ‘சாடே’ சேர்ப்பார்கள், சாடே தீன் மூன்றரை, சாடே சார் நாலரை. சவா என்றால் கால் கூடுதல், சவா தோ இரண்டே கால். பௌனே என்றால் கால் குறைவு. பௌனே தோ என்பது இரண்டே முக்கால் அல்ல, ஒன்றே முக்கால். இந்தக் கடைசிச் சொல்லில்தான் தமிழ் டைம் கீப்பர்கள் அதிகம் வழுக்குகிறார்கள்.

எழுத்திலும் ஒன்று உண்டு. பெரும்பாலானவர்கள் நாம் எழுதும் எண்களைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அவசரத்தில் சொந்த ஊர் எண் வந்துவிடும். வங்காளி எழுத்தில் நான்கு, நம் 8 போலவே இருக்கும், ஏழு 9-ஐப் போலத் தோன்றும். இந்தி ஒன்று 9 போல வளையும். மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர் எழுதிய சிட்டையில் 8 என்று தெரிந்தால் ஒருமுறை கேட்டுவிட்டு ஏற்றுங்கள். நம் பழைய கணக்குகளிலும் இது உண்டு. தாத்தா காலத்து நூல் கடைக் கணக்கில் ௧, ௨, ௭, ௮ என்று தமிழ் எண் இருந்தால் அவற்றை க, உ, எ, அ என்ற எழுத்துகளாகப் படித்துவிடாதீர்கள். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம்.

ஐரோப்பிய பையர் அனுப்பும் அளவுத் தாளுக்கு ஒரே ஒரு குறிப்பு. ஜெர்மனி போன்ற நாடுகளில் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். 12,5 என்றால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். 1.000 என்றால் ஆயிரம் பீஸ்.

அரை, கால், முக்கால்

நம் பின்னச் சொற்களில் பாதி உடம்பிலிருந்தே எடுத்தவைபோல் இருக்கின்றன. அரை என்றால் பாதி, இடுப்பும் அரைதான். அரைஞாண் கயிறு கட்டுவது அங்கேதான். கால் என்றால் நாலில் ஒன்று, நடக்கிற காலும் கால். வீட்டுப் பேச்சில் இதனால் ஒரு குழப்பமும் இல்லை. லெகிங்ஸும் ஷார்ட்ஸும் தைக்கிற இடத்தில் இருக்கிறது. “காலில் கால் இன்ச் குறை” என்பது சரியான தமிழ், ஆனால் ஓவர்லாக் சத்தத்தில் ஒரு ‘கால்’ காணாமல் போனால் ‘ஒரு இன்ச் குறை’ என்று கேட்டவரும் உண்டு. கால் பாகத்தைச் சொல்லும்போது “லெக்கில் கால் இன்ச்” என்று மாற்றிச் சொல்லிவிடுங்கள். தனித் தமிழ் பிடிவாதம் இந்த இடத்தில் வேண்டாம்.

அரைக்கால் என்பது கணக்கில் எட்டில் ஒன்று. காலில் பாதி. அரைக்கால் டவுசர் என்றால் அது முட்டிக்கு மேல் நிற்கிற டவுசர். முக்கால் பேண்ட், முக்கால் கை, அரைக்கை, முழுக்கை எல்லாம் உடையின் நீளத்தைச் சொல்கிற பெயர்கள், எண்கள் அல்ல. அளவுத் தாளில் ‘அரை மார்பு’, ‘அரை இடுப்பு’ என்று வருவது மூன்றாவது வகை. உடையை மேஜையில் தட்டையாக விரித்து ஒரு பக்கம் மட்டும் அளந்த எண் அது. அரை மார்பு 50 என்றால் சுற்றளவு 100. இந்த ‘அரை’யை விட்டுவிட்டு 50 என்று மட்டும் நோட்டில் எழுதினால், அடுத்த ஷிப்டில் அதைப் பார்க்கிறவர் குழந்தை உடை என்று நினைப்பார்.

அரைக்காலுக்குக் கீழேயும் நம்மிடம் சொற்கள் உண்டு. பதினாறில் ஒன்று வீசம், மாகாணி என்றும் சொல்வார்கள். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, இரண்டையும் கூட்டினால் பதினாறில் ஒன்று வரும். மாகாணி என்ற பெயரே அந்தக் கூட்டல்தான். டேப்பில் ஒரு இன்ச்சுக்குள் இருக்கும் மிகச் சிறிய கோடு பல டேப்புகளில் இந்த வீசம்தான். பழைய டெய்லர்களைத் தவிர இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனாலும் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கும் வரிசை இன்ச் டேப்போடு அப்படியே பொருந்துவதால், புதியவருக்கு டேப் படிக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மெக்கானிக்கிடம் பேசும்போது இன்னொரு சொல் குறுக்கே வரும். கொத்தனார், தச்சர், ஃபிட்டர் பேச்சில் ஒரு நூல் என்றால் அரைக்கால் இன்ச். ரெண்டு நூல் என்றால் கால் இன்ச். டெய்லருக்கு மூணு நூல் என்றால் மூன்று கோன் நூல் ஓடும் ஓவர்லாக். “மூணு நூல் தள்ளி வை” என்று மெக்கானிக் சொன்னால் அவர் ஊசிப்பலகையைப் பற்றிப் பேசுகிறார், கோனைப் பற்றி அல்ல.

இனி ஷிப்ட். திருப்பூரில் வேலை கேட்கிறவர் முதலில் கேட்பது “ஒன்றரை ஷிப்ட் உண்டுங்களா?” என்றுதான். பொதுவாகக் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். அதற்கு மேல் இரவு நின்றால் அரை. ஆறு நாளும் ஒன்றரை பார்த்தால் வாரத்துக்கு ஒன்பது ஷிப்ட். பேசுவதற்குச் சுலபமான கணக்கு. ஆனால் இந்த ‘அரை’ என்ற சொல் ஒன்றை மறைக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் போகும் வேலைக்கு இரு மடங்கு கூலி என்று சொன்னது. எட்டு மணி நேர ஷிப்ட் ஆறு நாள் பார்த்தாலே 48 ஆகிவிடும். அதற்கு மேல் ஒரு நாளில் நான்கு மணி நேரம் நின்றால், இரு மடங்கு என்ற கணக்கில் அது எட்டு மணி நேரக் கூலி. சட்டப்படி அந்த நாள் ஒன்றரை அல்ல, இரண்டு. டைம் கீப்பர் நோட்டில் ‘1½’ என்று மட்டும் எழுதினால் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்பது அழிந்துபோகிறது. மணியையும் எழுதுங்கள். வேலை செய்கிறவரும் தன் சின்ன நோட்டில் மணியை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். இதை நான் யாரிடமும் தயங்காமல் சொல்லிவருகிறேன்.

ஏறும் எண், இறங்கும் எண்

எண் பெரிதானால் பொருளும் பெரிதாகும் என்று சின்ன வயதிலிருந்து பழகிவிட்டோம். நூலில் அது தலைகீழ். பருத்தி நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள கழிகள் எத்தனை என்பது. முப்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் முப்பது கழி, மொத்தம் 25,200 கெஜம். நாற்பதாம் நம்பரில் அதே எடைக்கு இன்னும் நீளம், ஆகவே நூல் இன்னும் மெல்லியது. இருபது தடிமன், நாற்பது மெல்லிசு.

லைக்ராவுக்கு வந்தால் மறுபடி நேராகும். டெனியர் என்பது 9,000 மீட்டர் நீளத்தின் எடை, கிராமில். 40 டெனியர் 20 டெனியரைவிடத் தடிமன். ஒரே துணியில் நாற்பதாம் நம்பர் பருத்தியும் 20 டெனியர் லைக்ராவும் சேர்ந்து ஓடும்போது, ‘நாற்பது’, ‘இருபது’ என்று வெறும் எண்ணாகப் பேசினால் இரண்டு பேர் இரண்டு திசையில் புரிந்துகொள்வார்கள். ‘நம்பர்’, ‘டெனியர்’ என்ற சொல்லை விழுங்காமல் சொல்ல வேண்டும்.

கேஜ் என்பது நிட்டிங் மிஷினில் ஒரு இன்ச்சுக்கு எத்தனை ஊசி என்பது. டயா என்பது சிலிண்டரின் குறுக்களவு, இன்ச்சில். 30 டயா, 24 கேஜ் மிஷினில் மொத்த ஊசி சுமார் 2,260, முப்பதை 3.14-ஆல் பெருக்கி மறுபடி 24-ஆல் பெருக்கிப் பாருங்கள். கேஜ் கூடினால் ஊசிகள் நெருங்கும், நூலும் மெலிய வேண்டும். தையல் ஊசியில் வேறு கணக்கு. பெட்டியில் 75/11, 90/14 என்று இருக்கும். 75 என்றால் ஊசித்தண்டின் தடிமன் 0.75 மில்லிமீட்டர், 90 என்றால் 0.90. எண் கூடினால் ஊசி தடிக்கும். மெல்லிய சிங்கிள் ஜெர்சியில் 14 நம்பர் ஊசியைப் போட்டால் தையல் ஓரத்தில் பொடிப்பொடியாக ஓட்டை விழும், அது செக்கிங்கில் மொத்தமாக டேமேஜ் என்று திரும்பி வரும்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். நேரான எண், கூடினால் துணி கனம். வட்டக் கட்டரால் வெட்டும் துண்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். தராசில் 1.60 கிராம் காட்டினால் அதை நூறால் பெருக்கி 160. தராசு காட்டுவதைச் சொல்கிறீர்களா, பெருக்கியதைச் சொல்கிறீர்களா என்பது மட்டும் தெளிவாக இருந்தால் போதும்.

விரற்கடையும் டேப்பும்

விரற்கடை என்பது ஒரு விரலின் அகலம். பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம், இரண்டு முழம் ஒரு கெஜம். அங்குலம் என்ற சொல்லும் விரலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததுதான், ஆனால் இன்று நாம் அங்குலம் என்றால் 2.54 சென்டிமீட்டர். விரற்கடை அதைவிடச் சிறியது, ஏறக்குறைய முக்கால் இன்ச். பூக்கடையில் முழம் போடுகிறவரின் கை நீளத்தைப் பொறுத்து பூ கூடும் குறையும் என்பது நமக்குத் தெரியும். கட்டிங் மேஜையில் அதே தாராளம் நடந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

துணியை விரிக்கும்போது மாஸ்டர் “ஓரத்தில் ஒரு விரல் விட்டு விரி” என்பார். விரிக்கிறவர் இரண்டு விரல் விடுகிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் 2 சென்டிமீட்டர் கூடுதல், இரண்டு ஓரமும் சேர்த்து 4. நூறு லேயருக்கு 4 மீட்டர். துணியின் அகலம் 1.8 மீட்டர், கனம் 160 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு கிலோவுக்கு மேல் துணி வெட்டுத் துண்டாகப் போகும். ஒரே விரிப்பில். விரலால் அளந்தே பழகிய மாஸ்டரின் கண்ணை நான் குறைவாக மதிக்கவில்லை. அவர் விரல் அவருக்கு டேப். அவர் சொன்னதை இன்னொருவர் தன் விரலால் செய்யும்போது அது டேப் அல்ல. மேஜையின் இரண்டு ஓரத்திலும் பெயிண்ட்டால் கோடு போட்டுவிடுங்கள்.

எந்த விரல்?

கட்டைவிரல் அல்லது பெருவிரல், ஆள்காட்டி விரல் அல்லது சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். நடுவிரலைச் சில ஊர்களில் பாம்பு விரல் என்பார்கள். கை விரல்கள் ஐந்துக்கும் பெயர் உண்டு. கால் விரல்களில் பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் மட்டுமே சொந்தப் பெயர். பெருவிரலை அடுத்ததை மெட்டி விரல் என்று சொன்னால் புரியும். நடுவில் இருப்பவற்றை எண்ணித்தான் சொல்ல வேண்டும். 

இதிலிருந்து ஒரு விதி வருகிறது, பதிவேடு எழுதுகிறவர்கள் இதை விடாமல் பிடிக்க வேண்டும். கை விரலை ஒருபோதும் எண்ணால் எழுதாதீர்கள்; பெயரால் எழுதுங்கள். ‘இரண்டாம் விரல்’ என்றால் கட்டைவிரலைச் சேர்த்து எண்ணுகிறவருக்கு ஆள்காட்டி, சேர்க்காதவருக்கு நடுவிரல், சுண்டுவிரலிலிருந்து தொடங்குகிறவருக்கு மோதிர விரல். கால் விரலைப் பெருவிரல் ஒன்று எனத் தொடங்கி எண்ணால் எழுதுங்கள். பெருவிரல் என்ற சொல் கைக்கும் காலுக்கும் பொது. ஆகவே ‘கால் பெருவிரல்’ என்று காலைச் சேர்த்தே எழுத வேண்டும்.

இவ்வளவு கறாராக ஏன் என்றால், விரலின் பெயரில் பணம் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, வேலையில் விரல் இழந்தால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்று விரல் விரலாக வகுத்தது. இ.எஸ்.ஐ. சட்டத்திலும் இதே வரிசை இருந்தது. கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், அதன் நுனிக்கண்டம் மட்டும் போனால் 20. ஆள்காட்டி விரல் முழுதும் 14, இரண்டு கண்டம் 11, ஒரு கண்டம் 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. நடுவிரலுக்கு முறையே 12, 9, 7, 4. மோதிர விரலும் சுண்டுவிரலும் 7, 6, 5, 2. கால் பெருவிரல் அடிமூட்டோடு போனால் 14, மற்றக் கால் விரல் ஒன்றுக்கு 3. வலது கைக்கும் இடது கைக்கும் ஒரே அளவு. முதலில் எழுதும் பதிவேட்டில் ‘விரலில் அடி’ என்று மட்டும் இருந்தால், பிறகு மருத்துவக் குழுவின் முன் நிற்கிறவரிடம் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இருக்காது.

இங்கே அதிகம் நடப்பது விரலில் ஊசி ஏறுவது. சிங்கரிலும் ஓவர்லாக்கிலும் இடது ஆள்காட்டி விரல்தான் பெரும்பாலும் ஊசிக்கு அருகில் இருக்கும். ஊசி ஏறினால் முதலில் மிஷின் சுவிட்சை அணையுங்கள், பிறகு கைச்சக்கரத்தை மெதுவாகத் திருப்பி ஊசியை மேலே எடுங்கள். விரலைப் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி உடைந்திருந்தால் துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, உடைந்த ஊசிப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிப் பொருத்திப் பாருங்கள். கம்பெனிகள் அந்தப் பதிவேட்டைத் துணிக்குள் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக வைத்திருக்கின்றன. விரலுக்குள் துண்டு இருக்கிறதா என்பதையும் அதுவேதான் சொல்லும். ஒரு துண்டு குறைந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் அவரை மிஷினுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். மஞ்சள் வைத்துக் கட்டி விட்டுவிட்ட விரல் நாலு நாளில் நகச்சுத்தியாக வீங்கி, வாரக் கூலியையே கொண்டுபோய்விடும். கட்டிங் மிஷினில் நிற்கிறவருக்கு, துணியை அழுத்திப் பிடிக்கும் கையில் இரும்புவலைக் கையுறை இருக்க வேண்டும். கத்தி பிடிக்கும் கையில் அல்ல.

கால் விரலுக்கு வரும் ஆபத்து வேறு இடத்தில். துணி ரோல் காலில் விழுவது கட்டிங்கில், விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவது சாயப்பட்டறையில். நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறவருக்கு ரப்பர் பூட்ஸ் கொடுத்தால் மட்டும் போதாது, சாப்பாட்டு நேரத்தில் அதைக் கழற்றிக் காலைத் துடைத்து உலர்த்த இடமும் வேண்டும்.

விரல் காட்டுவதிலும் அர்த்தம் மாறும். சத்தத்தில் ஆள்காட்டி விரலை உயர்த்தினால் ஒன்று. சுண்டுவிரலை உயர்த்தினால் ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்கிறார் என்று நம் ஊர்ப் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். வெளியூர்க்காரர் சிலர் சுண்டுவிரலிலிருந்து எண்ணத் தொடங்குவதால், ஒரு பீஸ் என்பதற்கும் அதே விரலைக் காட்டக்கூடும். சந்தேகம் வந்தால் போய்வரச் சொல்லுங்கள். ஒரு பெண் சுண்டுவிரலைக் காட்டிவிட்டு டார்கெட் முடியட்டும் என்ற பதிலைக் கேட்டு உட்கார வேண்டியிருக்கிற லைன் சரியான லைன் அல்ல. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வரும் நீர்க்கடுப்பு சூப்பர்வைசரின் கணக்கில் எங்கேயும் ஏறுவதில்லை. அனுமதி கேட்கவே தேவையில்லாத ஏற்பாடு இன்னும் நல்லது.

வருகைப்பதிவு மிஷினில் விரல் வைப்பது பற்றியும் சொல்லிவிட வேண்டும். பிசிறு வெட்டுகிறவர்கள், சாயத்தில் கை வைக்கிறவர்களின் ரேகை தேய்ந்துவிடும், மிஷின் ஏற்காது. சேர்க்கும்போதே இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலாகப் பதிந்துகொள்ளுங்கள். எந்த விரல் என்பதை அடையாள அட்டையின் பின்னால் பெயரிட்டு எழுதிக்கொடுங்கள். விரல் ஏற்காத நாளுக்கு நோட்டில் மணி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள், ஆப்சென்ட் போடாதீர்கள்.

விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இது மாதிரி: “காலை 11.20. ஓவர்லாக் மிஷின் எண் 14. இடது கை ஆள்காட்டி விரல், நுனிக்கண்டம், நகத்தின் வழியாக ஊசி ஏறியது. ஊசி மூன்று துண்டு, மூன்றும் கிடைத்தன. 11.40-க்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு அனுப்பப்பட்டார்.” அடிபட்டவருக்குத் தெரிந்த மொழியில் அதைப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பக்கத்தை அவரும் தன் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பழைய இழப்பீட்டுச் சட்டத்தையும் இ.எஸ்.ஐ. சட்டத்தையும் ஒரே தொகுப்பில் சேர்த்திருப்பதால், படிவம் நிரப்புவதற்கு முன் அதில் எந்தச் சட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.